அஞ்சு "வெள்ளை" லேடிஸ் ஸ்லிப்பர்ல நிஜ வெள்ளை எது? ஒரு காட்டுல மூணு சீசன் பாத்த கதை

அமெரிக்காவோட நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்துல ஒரு பைன் காடு, மே மாசக் கடைசி. பிங்க் லேடிஸ் ஸ்லிப்பர்ங்கற காட்டு ஆர்க்கிட் கூட்டமா பூத்திருந்த ஒரு சரிவுல அஞ்சு வெள்ளைப் பூ பாத்தேன்னு அன்னைக்கு என் நோட்டுல எழுதி வச்சேன். ரெண்டு வாரம் கழிச்சு அந்த அஞ்சுல நாலை வெள்ளை இல்லன்னு நானே அடிச்சுட்டேன். எப்படி எழுதினேன், எதை வச்சு அடிச்சேன், மிச்சம் இருந்த ஒண்ணை எதை நம்பி வெள்ளைன்னு விட்டேன், இதை முழுசா எழுதி வைக்கணும்னு ரொம்ப நாளா நினைச்சுட்டே இருந்தேன். எந்த ஊரு, எந்த டிரெயில்னு மட்டும் கேக்காதீங்க, சொல்ல மாட்டேன், காரணம் பின்னாடி வருது.

முதல்ல செடியைப் பத்தி கொஞ்சம். அறிவியல் பேரு சிப்ரிபீடியம் அகாலே, 1789-ல ஐட்டன்ங்கற தாவரவியலாளர் வச்சது. அகாலேன்னா தண்டு இல்லாததுன்னு அர்த்தம். தரையை ஒட்டி ரெண்டே ரெண்டு இலை, மடிப்பு மடிப்பா, மயிரோட இருக்கும். நடுவுல இலையே இல்லாத ஒரு காம்பு எழும்பி உச்சில ஒரே ஒரு பூ. கீழ தொங்குற பை மாதிரி இருக்கறதுதான் லிப், அதுல முன்பக்கம் மேல இருந்து கீழ வரைக்கும் ஒரு பிளவு ஓடும், இந்த ஜாதிக்கு அதுதான் முத்திரை. பைக்கு மேலயும் பக்கத்துலயும் இருக்கற செப்பலும் (புல்லி இதழ்) பெட்டலும் (அல்லி இதழ்) பச்சையில பழுப்பு கலந்து, சிலதுல கருஞ்சிவப்பாவே இருக்கும். புளிப்பு மண், பைன் ஊசி சருகு, அரை நிழல், இதுதான் அதுக்குப் பிடிச்ச இடம். 1991-ல இருந்து நியூ ஹாம்ப்ஷயரோட மாநில காட்டுப்பூவே இதுதான்.

இதுல வெள்ளை ரகம்னு ஒண்ணு நிஜமாவே உண்டு. ஃபார்மா அல்பிஃப்ளோரம்னு பேரு, ராண்ட், ரெட்ஃபீல்ட்னு ரெண்டு ஆளுங்க வச்ச பேரு. ஃபார்மான்னா தனி ஸ்பீசிஸும் இல்ல, வெரைட்டியும் இல்ல, ஒரே கூட்டத்துக்குள்ள அங்கங்க எட்டிப் பாக்கற ஒரு மாற்றம், அவ்வளவுதான். நியூ இங்கிலாந்தோட, அதாவது அமெரிக்காவோட வடகிழக்கு மாநிலங்களோட, வடக்குப் பக்கம் போகப் போக இது கண்ணுல படற வாய்ப்பு கூடும், அதனால அன்னைக்கு வெள்ளையைப் பாத்ததும் எனக்குப் பெரிய சந்தேகமே வரல. அங்கதான் தப்பு ஆரம்பிச்சுது.

முதல் நாள்

கூட ஒரு அண்ணன் வந்திருந்தார், என்னைவிட ரொம்ப வருஷமா காட்டுச் செடி பாக்கறவர். முதல் வெள்ளையைப் பாத்ததும் "தம்பி, இது சின்ன வெள்ளை லேடிஸ் ஸ்லிப்பரா இருக்குமோ? கேண்டிடம்?"னு கேட்டார். எனக்கு அந்த கேள்வி பிடிச்சுது, ஏன்னா கலரைப் பத்திப் பேசறதுக்கு முன்னாடி ஸ்பீசிஸ் எதுன்னு முடிவாகணும். "இல்லண்ணே, கேண்டிடத்துக்குத் தண்டுல இலை இருக்கும், இதுல காம்பு மொட்டையா இருக்கு பாருங்க"ன்னேன். கேண்டிடம் சுண்ணாம்புச் சத்து உள்ள ஈரப் புல்வெளிலயும் சதுப்புலயும் வளர்றது, மத்திய மேற்கு மாநிலங்கள் பக்கம்தான் அதிகம், இந்தப் பைன் சருகுல அது வராது. அதோட லிப்பும் குட்டி, ரெண்டு ரெண்டரை சென்டிமீட்டர்தான் வரும், நாங்க பாத்தது நாலரை இருந்துச்சு. முன்பக்கப் பிளவும் இருந்துச்சு. அவரும் குனிஞ்சு பாத்துட்டு "சரிதான், அகாலேதான்"னுட்டார். அந்தப் பேச்சு அதோட முடிஞ்சுது.

அப்புறம் நடந்து நடந்து மொத்தம் அஞ்சு வெள்ளை எண்ணினோம். பூத்த செடி மொத்தம் 41. கொடி எதுவும் நடல, கலர் ரிப்பன் கட்டல, அதெல்லாம் தோண்டிட்டுப் போறவனுக்கு நாமே வழி காட்டற மாதிரி. பக்கத்துல இருந்த ஒரு பெரிய பைன் மரத்துல இருந்து எத்தனை மீட்டர், எந்தத் திசைன்னு அளந்து நோட்டுல எழுதினேன், 1-ல இருந்து 5 வரைக்கும் நம்பர் போட்டேன். எல்லாத்துக்கும் ஃபோன்ல படம். எழுதினது இதுதான்: "அல்பிஃப்ளோரம், 5 செடி." வீட்டுக்கு வந்து படத்தைப் பாத்தப்போதான் ஏதோ இடிச்சுது. நேர்ல பால் வெள்ளையா இருந்த 2-ம் நம்பர் படத்துல லேசா பிங்க் அடிக்குது. நேர்ல எப்படி இருந்துச்சுன்னு எனக்கே சரியா ஞாபகம் இல்லாத 3-ம் நம்பர் படத்துல சுத்தமா வெளுத்துப் போய் இருக்கு. ரெண்டும் ஒரே ஃபோன், ஒரே மத்தியானம்.

ஃபோன் என்ன பண்ணுச்சு

இதைக் கொஞ்சம் விரிவா சொல்லணும், ஏன்னா காட்டுப் பூக்களோட கலர்ல வர்ற குழப்பத்துல பாதி இங்கதான் பிறக்குது. மரத்தடில விழற வெளிச்சம் இலை வழியா வடிகட்டி வருது, அதனால அதுல பச்சை ஏறி இருக்கும். நம்ம கண்ணு அதைத் தானா சரி பண்ணிக்கும். ஃபோனும் ஆட்டோ வைட் பேலன்ஸ்னு ஒண்ணு வச்சு சரி பண்ணப் பாக்குது, பச்சையைக் குறைக்கறதுக்கு மஜெந்தாவை ஏத்தி விடுது. சில சமயம் அளவுக்கு மீறி ஏத்திடுது, அப்போ வெள்ளைப் பூ பிங்க் பூவா மாறிடும். 2-ம் நம்பருக்கு நடந்தது அதுதான்.

3-ம் நம்பருக்கு நேர் எதிர். மரத்துக்கு நடுவுல ஒரு ஓட்டை, அது வழியா வெயில் கத்தி மாதிரி சரியா அந்தப் பூ மேல விழுந்துட்டு இருந்துச்சு, சுத்தி எல்லாம் இருட்டு. ஃபோன் அந்த இருட்டுக்கு ஏத்த மாதிரி எக்ஸ்போஷரை, அதாவது படத்துல பதியற வெளிச்சத்தோட அளவை, கூட்டுச்சு. எந்தக் கலரையும் ஃபோன் சிவப்பு, பச்சை, நீலம்னு மூணு சேனலாத்தான் பதியும். வெளிர் பிங்க்ல சிவப்பு சேனல் ஏற்கனவே உச்சத்துக்கிட்ட இருக்கும், அது முட்டி நின்னதும் நீலமும் பச்சையும் பின்னாடியே வந்து சேந்துக்கும். மூணும் உச்சத்துல முட்டிட்டா ஸ்கிரீன்ல தெரியறது வெள்ளை. பிங்க்குன்னு ஒரு தகவலே அந்த ஃபைல்ல மிஞ்சாது, அப்புறம் எடிட்டிங்ல உக்காந்து என்ன பண்ணாலும் திரும்ப வராது. வெளுத்ததெல்லாம் பால்னு நினைக்கறவங்களுக்கு காட்டுல வெயில் விழற இடம்தான் பெரிய பொறி.

அதனால அடுத்த தடவை போறப்போ ஒரு கிரே கார்டு (படத்துல கலரைச் சரி பாக்கறதுக்கான சாம்பல் நிற அட்டை), ஒரு வெள்ளை அட்டை, ரா ஃபார்மட்ல, அதாவது கலரைத் தானா மாத்தாம அப்படியே பதிஞ்சு, எடுக்கற கேமரா எல்லாம் எடுத்துட்டுப் போனேன். ஒவ்வொரு பூவுக்கும் முதல் ஷாட்ல கிரே கார்டு பூவுக்குப் பக்கத்துல, அதே வெளிச்சத்துல. ரெண்டாவது ஷாட்ல வெள்ளை அட்டை பூவுக்குப் பின்னாடி. அந்த ரெண்டாவது ரொம்பச் சாதாரணமான வேலை மாதிரி இருக்கும், ஆனா எனக்கு அதிகமா உதவினது அதுதான், கம்ப்யூட்டரே வேண்டாம், அட்டைக்கு முன்னாடி வச்சதும் வெளிர் பிங்க் எது வெள்ளை எதுன்னு அங்கயே கண்ணுக்குத் தெரிஞ்சிடுது. எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப், அதாவது பாதியா, குறைச்சே எடுத்தேன், ஹிஸ்டோகிராம்ல (வெளிச்ச அளவைக் காட்டற வரைபடம்) மூணு சேனலையும் தனித்தனியா பாத்தேன். முடிஞ்ச வரைக்கும் மேகம் மூடின நேரமாப் பாத்துப் போனேன், இல்லேன்னா உடம்பை வச்சே வெயிலை மறைச்சேன். செடிகிட்ட மட்டும் ரொம்ப நெருங்கல, சருகுக்கு அடியில இன்னும் பூக்காத குட்டிச் செடி ஒத்தை இலையோட இருக்கலாம், மிதிச்சா தெரியவே தெரியாது.

ஆறாவது நாள்

இந்த நாள்லதான் கேஸ் உடைஞ்சுது. 1-ம் நம்பர் நல்ல பிங்க்கா நிக்குது! முதல்ல இடம் மாறிப் போச்சோன்னு நினைச்சு மறுபடி அளந்தேன், அதே செடிதான். அகாலே பூ விரியறப்போ லிப் பச்சை கலந்த வெளிர் நிறத்துல இருக்கும், சில நாள் ஆக ஆகத்தான் பிங்க் ஏறும். முதல் நாள் நான் பாத்தது அன்னைக்கோ முந்தின நாளோ விரிஞ்ச பூ. படத்தைத் திரும்ப எடுத்துப் பாத்தா லிப் இன்னும் முழுசா உப்பக்கூட இல்ல, லேசா சுருங்கின மாதிரி இருக்கு. அதைவிட முக்கியம், அன்னைக்கே அதோட பெட்டல்ல பழுப்பு இருந்திருக்கு. நான் லிப்பை மட்டுமே பாத்துட்டு இருந்ததால அது கண்ணுலயே படல.

4-ம் நம்பர் எதிர்ப்பக்கத்துக் கதை, அது முடிஞ்சுட்டு இருந்த பூ. லிப் காகிதம் மாதிரி மெலிஞ்சு, கலர் வடிஞ்சு, ஓரம் பழுப்பேறிப் போச்சு. செப்பல்ல மட்டும் பழைய கருஞ்சிவப்பு அப்படியே இருந்துச்சு. 3-ம் நம்பரை நிழல்ல கார்டு வச்சு எடுத்தா சாதாரண வெளிர் பிங்க், நரம்பெல்லாம் தெளிவா அடர் பிங்க்ல ஓடுது. அடிச்சாச்சு.

2-ம் நம்பர்? அட்டை மாதிரியே வெள்ளை.

ஏன் லிப்பைப் பாக்காம பெட்டலைப் பாக்கணும்

இந்த மொத்த வேலைல நான் கத்துக்கிட்டது இது ஒண்ணுதான்னே சொல்லலாம், அதனால இங்க கொஞ்சம் நின்னு பேசறேன். பிங்க், ஊதா, கருஞ்சிவப்பு இதெல்லாம் ஆந்தோசயனின்கற நிறமி தர்ற கலர். லிப்புல அது தனியா இருக்கறதால பிங்க்கா தெரியுது. செப்பல்லயும் பெட்டல்லயும் அடியில பச்சையம் இருக்கு, அதுக்கு மேல ஆந்தோசயனின் படிஞ்சா பச்சையும் சிவப்பும் சேந்து பழுப்பா தெரியுது. ஒரு செடில ஆந்தோசயனின் வரவே இல்லேன்னா ரெண்டு இடத்துலயும் ஒரே சமயத்துல அது காணாமப் போகணும். லிப் வெள்ளை ஆகும், செப்பலும் பெட்டலும் பழுப்பு இல்லாம மஞ்சள் கலந்த சுத்தப் பச்சை ஆகும். லிப்போட நரம்புல பிங்க் இருக்காது. உள்ள நடுவுல இருக்கற கவசம் மாதிரி பகுதி, ஸ்டாமினோட், அதுலயும் சிவப்புச் சாயல் இருக்காது.

லிப் வெளுக்கறதுக்கு வயசு, வெயில், கேமரான்னு பல காரணம் இருக்கு. ஆனா புதுசா விரிஞ்ச பூவும் சரி, வாடற பூவும் சரி, பெட்டல்ல இருக்கற பழுப்பை மறைக்கறதில்ல, அந்தப் பழுப்பு காட்டிக் கொடுத்துடும். லிப் வெள்ளையா இருந்து பெட்டல்ல பழுப்பு இருந்தா அது அல்பிஃப்ளோரம் இல்ல, இது என் முடிவு. இந்தக் கண்ணோட முதல் நாள் படங்களைத் திரும்பப் பாத்தா அஞ்சுல மூணை அன்னைக்கே அடிச்சிருக்கலாம். 2-ம் நம்பர்ல மட்டும்தான் பெட்டல் எலுமிச்சைப் பச்சையா, ஒரு துளி பழுப்புகூட இல்லாம இருந்துச்சு.

அஞ்சாம் நம்பர்

இதை வேணும்னேதான் கடைசிக்கு வச்சேன், என்னை அதிகமா அலைய விட்டது இதுதான். கார்டு வச்சு எடுத்தா வெள்ளை இல்ல, ஆனா பிங்க்குன்னு சொல்றதுக்கும் மனசு வரல. அட்டைக்கு முன்னாடி வச்சா லேசா ரோஸ் தண்ணி தெளிச்ச மாதிரி. நரம்பு உத்துப் பாத்தா மெல்லிசா பிங்க். பெட்டல்ல பழுப்பு இருக்கு, ஆனா அடிப்பக்கத்துல மட்டும் கீறல் கீறலா.

புதுப் பூவா இருக்கும்னு ஆறாம் நாள் பாத்தேன், பத்தாம் நாள் பாத்தேன், வாடற வரைக்கும் பாத்தேன், அதே கலர். நிழலால இருக்குமோ? பொதுவா குளிரும் வெளிச்சமும் கூடினா ஆந்தோசயனின் கூடும், அடர் நிழல்ல குறையலாம். ஆனா அதுக்கு அரை மீட்டர் தள்ளி அதே நிழல்ல நின்ன இன்னொரு பூ அடர் பிங்க். அதனால நிழல் மேல மட்டும் பழி போட முடியல. அண்ணன் "பாதி வெள்ளைன்னு எழுதிடு தம்பி"ன்னார். "அப்படி ஒரு பேரு இல்லையேண்ணே, இருந்தாலும் நிறமி இருக்கற செடியை நிறமி இல்லாத ரகத்தோட எப்படி சேக்கறது?"ன்னேன். அவர் ஒத்துக்கல, இன்னைக்கு வரைக்கும் அவர் நோட்டுல அது பாதி வெள்ளைதான். என் நோட்டுல "அகாலே, மிக வெளிர் பிங்க், நரம்பிலும் பெட்டல் அடியிலும் நிறமி உண்டு, 12 நாளும் மாறவில்லை"ன்னு இருக்கு. பேரு வைக்காம விட்டது எனக்குக் குறையா தெரியல. என்ன பாத்தோமோ அதை அப்படியே எழுதி வச்சா பின்னாடி வர்றவங்க அதை வச்சு யோசிக்கலாம், தப்பான பேரை எழுதி வச்சா அந்தப் பேரு மட்டும்தான் மிஞ்சும்.

அடுத்த வருஷமும் 5-ம் நம்பர் பூத்துச்சு, அதே ரோஸ் தண்ணி. அந்த வருஷ வசந்தம் முந்தின வருஷத்தைவிட குளிர் அதிகம், பக்கத்துப் பூவெல்லாம் இன்னும் அடர்த்தியா இருந்துச்சு, இது அப்படியே. அதனால இது செடியோட பிறவிக் குணம்னு சாய்ஞ்சிருக்கேன்.

இந்த முறை மத்த ஜாதிக்கு அப்படியே செல்லாது

பெட்டலைப் பாருங்கன்னு சொன்னேன்ல, அது அகாலேக்கு. ஷோயி லேடிஸ் ஸ்லிப்பர், ரெஜினே, மின்னசோட்டா மாநிலப் பூ, அதுக்கு எப்பவுமே செப்பலும் பெட்டலும் வெள்ளைதான், பிங்க் லிப்புல மட்டும் இருக்கும். அதுல முழு வெள்ளை ரகம் அல்போலேபியம்னு இருக்கு, ஆனா பெட்டலை வச்சு எதுவும் தீர்மானிக்க முடியாது, லிப்பையே பல நாள் பாக்கணும்.

மஞ்சள் லேடிஸ் ஸ்லிப்பர், பார்விஃப்ளோரம், அது வேற தலைவலி. மஞ்சள் கரோட்டினாய்டு நிறமி, ஆந்தோசயனின் போனாலும் அது போகாது. இதுல பெட்டலோட கலர் வெரைட்டி பிரிக்கவே பயன்படுது: மகாசின் வெரைட்டில அடர் கருஞ்சிவப்பு, பூவும் சின்னது, பியூபெசன்ஸ்ல பெரிய பூ, பச்சைல இருந்து பழுப்பு வரைக்கும் புள்ளியும் கோடுமா. கேமரா கலரைக் கெடுத்தா இங்க வெரைட்டியே தப்பாப் போயிடும், அதனால சைஸ் அளக்காம விடக்கூடாது. தந்த நிறத்துல, வெளிர் மஞ்சள்ல லிப் பாத்தா அதை வெளிறின மஞ்சள்னு எழுதறதுக்கு முன்னாடி பக்கத்துல கேண்டிடம் வளருதான்னு பாக்கணும், ரெண்டும் கலந்த ஹைபிரிட் ஆண்ட்ரூசியை அப்படித்தான் தவற விடறாங்க. கலர் மாதிரி தெரியறது அங்க ரெண்டு ஸ்பீசிஸ் கலந்த கதை.

இடம் ஏன் சொல்லல

வெள்ளைப் பூ ஒண்ணு இருக்குன்னு தெரிஞ்சா தோண்ட வர்றவங்க இருக்காங்க. தோண்டிட்டுப் போய் அது வாழ்ந்தாலாவது பரவால்ல, வாழாது. இதோட வேர் மண்ணுல இருக்கற பூஞ்சையோட சேந்து பிழைக்கறது, விதைல சோறே கிடையாது, தூசி மாதிரி விதை, முளைக்கறதுக்கே அந்தப் பூஞ்சைதான் ஊட்டி விடணும். வீட்டுத் தோட்டத்துல அந்த மண்ணும் இல்ல, அந்தப் பூஞ்சையும் இல்ல. விதைல இருந்து முதல் பூ வர்றதுக்குப் பல வருஷம் ஆகற செடி, ஒரு மம்பட்டி வெட்டுல போயிடும். அதனால படத்துல இருக்கற ஜிபிஎஸ் விவரத்தை அழிச்சுட்டுத்தான் யாருக்கும் அனுப்பறேன், பொதுப் பதிவுல இடத்தை மறைச்சுத்தான் போடறேன். நீங்களும் தயவு செஞ்சு அப்படியே பண்ணுங்க.

ரெண்டாம் நம்பர், அப்புறம்

முதல் வருஷம் 2-ம் நம்பர்ல காய் பிடிச்சுது, எனக்கு நம்பவே முடியல. இந்தப் பூல தேன் கிடையாது, பம்பிள் தேனீயை ஏமாத்தித்தான் உள்ள வர வைக்குது, பிளவு வழியா நுழைஞ்சு மேல இருக்கற வழியா நெருக்கிட்டு வெளிய போகும்போது மகரந்தம் முதுகுல ஒட்டும். ஏமாந்த தேனீ திரும்ப வர்றது கம்மி, அதனால காட்டுல காய் பிடிக்கறதே அபூர்வம். அன்னைக்குப் பூத்த 41-ல காய் நான் பாத்தது ரெண்டுலதான், அதுல ஒண்ணு இது.

அடுத்த வருஷம் பூக்கல. ரெண்டு இலை மட்டும், அதுவும் முன்னைவிடச் சின்னதா. செத்துட்டு இருக்கோன்னு பயந்தேன். அப்புறம்தான் மாசசூசெட்ஸ்ல ரிச்சர்ட் பிரைமாக்கும் பமீலா ஹாலும் நாலு வருஷம் இதே செடில பண்ணி 1990-ல வெளியிட்ட சோதனையைப் படிச்சேன், கையால மகரந்தம் சேத்துக் காய்க்க வச்ச செடிங்க அப்புறம் இலை சிறுத்து, பூக்கற வாய்ப்பும் குறைஞ்சுதுன்னு அதுல இருக்கு. ஒரு காய்க்கு இந்தச் செடி அவ்வளவு விலை கொடுக்குது. மனசு கொஞ்சம் ஆறுச்சு, ஆனாலும் அந்தச் சீசன் முழுக்கப் போறப்பல்லாம் அந்த ரெண்டு இலை நிக்குதான்னுதான் முதல்ல பாத்தேன்.

மூணாவது வருஷம் மே 29, அண்ணன் எனக்கு முன்னாடி நடந்துட்டு இருந்தவர் நின்னு கையைக் காட்டினார். அதே மரம், அதே அளவு, வெள்ளை லிப், எலுமிச்சைப் பச்சை பெட்டல். கிரே கார்டை எடுத்து வச்சு ஷாட் எடுத்தேன், மறுபடி ஒன்பது நாள் கழிச்சுப் போய் எடுத்தேன், கலர் நகரல. அன்னைக்கு ராத்திரிதான் பழைய பதிவுல "5 செடி"யைத் திருத்தி "1 செடி, இரண்டு பூக்கும் பருவங்களில் உறுதி"ன்னு மாத்தினேன்.